எல்லாமே ‘வெடிப்பு’ அல்ல: ஓர் ஆங்கிலச் சொற்கையேடு

மட்டக்களப்பு நகரில் ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் கையில் இப்போது காணக் கிடைக்கும் 24 பக்கக் கையேடு இது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கானது, விலை 200 ரூபாய். கோபம், அழுகை, சிரிப்பு, சண்டை, நோய் என்று சட்டெனக் கிளம்பும் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பதுதான் பொருள். நல்ல தெரிவு. கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். ஆனால் சொல்லைக் கொடுத்த கையேடு, அந்தச் சொல் எதனோடு சேரும் என்பதைப் பல இடங்களில் விட்டுவிட்டது.

முதற் பக்கத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. அவுட்பேர்ஸ்ட் (outburst), அவுட்பிரேக் (outbreak), இரப்ஷன் (eruption), எக்ஸ்புளோஷன் (explosion) என்ற நான்குக்கும் எதிரே ‘வெடிப்பு, திடீர் வெளிப்பாடு’ என்ற ஒரே விளக்கம். இதைப் பாடமாக்கும் பிள்ளை ‘டெங்கு அவுட்பேர்ஸ்ட்’ என்றுதான் எழுதும். அவுட்பேர்ஸ்ட் பெரும்பாலும் ஒருவரின் மனத்திலிருந்து பீறிடுவது: கோபம், சிரிப்பு, அடக்கி வைத்த வார்த்தை. அவுட்பிரேக் ஓரிடத்தில் தொடங்கிப் பரவுவது: போர், கலவரம், தீ, தொற்றுநோய். மாரி தொடங்கினால் டெங்கைப் பற்றிப் பேசாத வீடு இங்கே இல்லை. அந்த ஓர் உதாரணமே அவுட்பிரேக்கை மறக்காமல் வைத்திருக்கும். மாமாவின் கோபத்துக்கு அந்தச் சொல் ஒட்டாது. ஊரே எதிர்த்துக் குரல் எழுப்பினால் அது அவுட்கிரை (outcry). அந்தச் சொல் கையேட்டில் இல்லவே இல்லை, பெரிய குறை.

பீறிடுவதைக் குறிக்கும் பேர்ஸ்ட் (burst) என்ற வினை பற்றிய இரண்டு பக்கங்களுக்காகவே கையேட்டை வாங்கலாம். ‘பேர்ஸ்ட் இன்டு’ என்றால் பின்னால் பெயர்ச்சொல்: டியர்ஸ் (கண்ணீர்), லாஃப்டர் (சிரிப்பு), ஃபிளேம்ஸ் (தீச்சுவாலை). ‘பேர்ஸ்ட் அவுட்’ என்றால் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினை: கிரையிங் (அழுதல்), லாஃபிங் (சிரித்தல்). இரண்டையும் மாற்றிப் போட்டு ‘பேர்ஸ்ட் இன்டு கிரையிங்’, ‘பேர்ஸ்ட் அவுட் டியர்ஸ்’ என்று எழுதும் பிழைகளை அட்டவணையாகவே தந்திருக்கிறார்கள். இறந்த காலத்திலும் பேர்ஸ்ட்தான், ‘பேர்ஸ்டட்’ அல்ல என்பதும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

பிழை ஏன் வருகிறது என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். தமிழில் ‘ஓ’வென்று அழுதாள், குபீரென்று சிரித்தான் என்கிறோம், திடீர்த் தன்மை வினைக்கு முன்னால் வரும் ஒலிக்குறிப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேகம் பேர்ஸ்ட் என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது, பின்னால் வரும் சின்னச் சொல் அடுத்தது என்ன என்பதை முடிவு செய்கிறது. இது விளங்கினால், திடீரென என்ற பொருள் தரும் ‘சடின்லி’யைச் சேர்த்து ‘சடின்லி பேர்ஸ்ட் இன்டு டியர்ஸ்’ என்று பிள்ளை எழுதாது. கையேட்டின் சொந்த உதாரண வாக்கியத்திலேயே அந்த ‘சடின்லி’ வீணாக நிற்கிறது.

ஃபிட் (fit) என்ற சொல்லுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘பிட்ஸ் வந்திட்டு’ என்றால் வலிப்பு. அதனால் ‘எ ஃபிட் ஒஃப் லாஃப்டர்’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு நோயாளிதான் கண்முன் வருவார். கையேடு ‘வலிப்பு, உணர்ச்சி’ என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிட்டுக் கடந்து போகிறது. வந்தால் சற்று நேரத்துக்கு அடக்க முடியாதது என்பதே பொதுக் கருத்து: தொடர் இருமல், பொறாமை, ஆத்திரம், சிரிப்பு எல்லாவற்றுக்கும் வரும். வலிப்பை இன்றைய மருத்துவ ஆங்கிலம் பெரும்பாலும் சீஷர் (seizure) என்கிறது. உச்சரிப்பை ‘பிட்’ என்று அச்சிட்டிருப்பதும் தவறு; துண்டு என்ற பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல்லோடு குழம்பும். ஆய்த எழுத்தைப் போட்டு ‘ஃபிட்’ என்றே அடிக்க வேண்டும்.

டான்ட்ரம் (tantrum) என்ற சொல்லுக்குக் ‘கடுங்கோபம்’ என்று கொடுத்திருக்கிறார்கள். இது ஆபத்தான விளக்கம். கடைவாசலில் விளையாட்டுப் பொருள் கேட்டு நிலத்தில் உருளும் சின்னப்பிள்ளையின் அடம்தான் டான்ட்ரம். அதோடு ‘த்ரோ’ அல்லது ‘ஹேவ்’ சேரும். வளர்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவரைச் சிறுபிள்ளை என்று இகழ்வதாகும். அதிபருக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சொல் புகுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பேட் (spate) என்ற சொல்லும் கையேட்டின் பட்டியலில் தவறான இடத்தில் நிற்கிறது. ஆற்றில் பெருகி வரும் வெள்ளத்தைக் குறிக்கும் சொல் அது. பின்னர் குறுகிய காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கும் ஆனது. ஒரு களவு ஸ்பேட் ஆகாது, ஒரே மாதத்தில் அடுத்தடுத்து நடந்தால் ஆகும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்துக்கு இந்தச் சொல்லைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை.

இரப்ஷனையும், ‘ஐ’யில் தொடங்கும் இன்னொரு இரப்ஷனையும் (irruption) ஒப்பிட்டு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்று வெளியே பீறிடுவது, மற்றது உள்ளே புகுவது. இரண்டும் ‘உடை’ என்ற பொருள் தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. சரியான தகவல்தான், ஆனால் சாதாரண தரத்துக்கு அவசியமில்லை. அந்த இடத்தில் ஃபிளேர்-அப் (flare-up) வந்திருக்க வேண்டும். ஆறியிருந்த ஆஸ்துமா மறுபடி கிளம்பினால், பழைய சண்டை திரும்ப மூண்டால் அதுதான் சொல். நீறு பூத்த நெருப்பு என்று நம்மிடம் இருப்பதை வைத்தே கற்பித்துவிடலாம்.

அழுத்தக் குறி எங்கும் இல்லை. அவுட்பிரேக் என்ற பெயரில் அழுத்தம் முதலசையில், ‘பிரேக் அவுட்’ என்ற வினையில் ‘அவுட்’ மேல். படிப்பிக்கும்போது ஆசிரியர் இதை வாயால் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும். கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு நிரல் கீறி, ஒருவரா பலரா, எது கிளம்புகிறது, எந்தச் சின்னச் சொல் சேரும், ஒரு வாக்கியம் என்று நிரப்பச் சொன்னால் கையேடு விட்ட இடம் பெரும்பாலும் அடைபடும்.

கடைசிப் பக்கத்தில் 20 இடைவெளி நிரப்பும் வினாக்கள். 1939 இல் போர் தொடங்கியதைப் பற்றிய வினாவுக்கு விடைப் பட்டியல் ‘பேர்ஸ்ட் அவுட்’ என்கிறது. ‘புரோக் அவுட்’ என்று பேனையால் திருத்திவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.