நான்காவது முறையாகக் காணாமல்போன ஹார்டு டிஸ்க்

நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டார்: “உங்களிடம் இருக்கும் அதே மாடல்தான் என்னிடமும். செருகினால் விளக்கு எரிகிறது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் தெரிந்தது; அப்போது ஃபார்மேட் செய்யச் சொன்னது. செய்துவிடட்டுமா?”

கூடவே கூடாது என்று உடனே பதில் அனுப்பினேன். யூஎஸ்பி கேபிளில் வெளியே செருகும் இந்த 2 டெராபைட் டிஸ்க்கை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நான்கு முறை அது கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் காணாமல்போயிருக்கிறது. போன வாரம்தான் பழுதுபார்த்து வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோபம் முழுவதும் டிஸ்க்கில் கேபிளைச் செருகும் அந்தத் தட்டையான மைக்ரோ-பி சாக்கெட்டின் மேல்தான். அதில் பத்து முனைகள் உண்டு. ஒரு பக்கத்து ஐந்தும் பழைய யூஎஸ்பி 2.0-க்கு உரியவை, மின்சாரமும் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. அடுத்த ஐந்தும் அதைவிட வேகமான யூஎஸ்பி 3.0-க்கானவை. கேபிள் சரியாகப் பொருந்தாவிட்டாலும் மின்சாரம் மட்டும் வந்து விளக்கு எரிந்துவிடலாம். டிஸ்க்கே செத்துவிட்டது என்று நாம் பதறுவோம். முதல் முறை காணாமல்போவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எனக்கு அறிகுறி கிடைத்திருந்தது. நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் நகலெடுத்த டிஸ்க் திடீரென்று 35-க்கு இறங்கியது. வேகத்துக்கான முனைகள் தொடர்பு இழந்து, 2.0-இன் வழியில் அது நொண்டிக்கொண்டிருந்தது. அன்றே கேபிளை மாற்றியிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை ‘டிக், டிக்’ என்ற சத்தமும் சேர்ந்துகொண்டது. நீளமான மெல்லிய கேபிளை, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாகச் செருகியிருந்தேன். 2.0 போர்ட்டுக்கு விதித்த அளவு 500 மில்லிஆம்பியர், 3.0-க்கு 900. அது போதாமல் மோட்டார் சுழலத் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது. குட்டையான கேபிளில், கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகியதும் சத்தம் நின்றது. நல்ல மின்சாரம் கிடைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் அந்தக் கணமே கழற்றிவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முயற்சியும் தகட்டைக் கீறக்கூடும்.

மூன்றாம் முறை டிஸ்க்கின் மேல் குற்றமே இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் E:, F: என்று ஓர் எழுத்து கொடுக்கும்; நெட்வொர்க் டிரைவ் ஒன்று என் டிஸ்க்கின் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இணைத்த டிஸ்க்குகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து வேறு எழுத்து கொடுத்தேன், முடிந்தது. நண்பரும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அங்கும் தெரியாவிட்டால் கேபிள், போர்ட், மின்சாரம் ஆகியவற்றில் தேட வேண்டும். ‘ரா’ (RAW, அதாவது கோப்பு அமைப்பு புரியவில்லை) என்று காட்டினாலோ, ‘இனிஷியலைஸ்’ (புது டிஸ்க்கைப்போலத் தயார்) செய்யச் சொன்னாலோ கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. பிழைதிருத்தும் கட்டளைகளும் வேண்டாம்.

நான்காம் முறை எந்தக் கேபிளும் உதவவில்லை. கூட்டைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, கணினிக்குள் இருக்கும் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா (SATA) வழியாக நேரே கணினியில் இணைத்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே சாட்டா முனையே இல்லை! யூஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் சொந்தச் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுப் படங்களும் நகலெடுக்க நேரமில்லாமல் விட்ட ஓராண்டு வேலையும், ஆடிப்போன அந்தச் சிறு சாக்கெட்டுக்குப் பின்னால் சிறைப்பட்டிருந்தன. இதை வடிவமைத்தவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

பழுதுபார்ப்பவர் சாக்கெட்டை மாற்றிப் பற்றவைத்தார். செருகியதும் எல்லாம் அப்படியே இருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) விவரங்களில், கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (தகட்டின் சிறு பகுதி) 0, கெட்டதோ என்ற சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டாரும் 0. ஆறு ஆண்டு உழைத்த ஒரு தகட்டில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. பார்த்ததும் உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன். இவ்வளவு உறுதியான டிஸ்க்கை நான் வேறு வைத்திருந்ததில்லை.

ஆனாலும் இந்த மாடலை வாங்காதீர்கள். இரண்டாவது பிரதி ஒன்றை வேறு டிஸ்க்கில் எடுத்துவிட்டேன். அதன் கூட்டுக்குள் சாட்டா முனை இருக்கிறதா என்று விசாரித்த பிறகே வாங்கினேன்.

நண்பரே, இன்று குட்டையான வேறொரு கேபிளில் ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். டிஸ்க்கில் காதை வைத்து என்ன சத்தம் கேட்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள். அதுவரை ஃபார்மேட் பொத்தானைத் தொடாதீர்கள்.