பெரியப்பாவின் ரிவால்வர்: சுடுவதா, முடக்குவதா, ஒப்படைப்பதா?

பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள அவர் வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பத்திரங்களுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். வெருலம் பக்கம் தாத்தா கரும்பு போட்ட காலத்திலிருந்தே குடும்பத்தில் இருப்பது. உடம்பில் 'யூ' எழுத்தும் அதற்குள் அம்பும் பதித்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்கப் படைக்கு வந்தவற்றில் இருக்கும் முத்திரை அது.

"ஒரு தடவை சுட்டுப் பார்த்துடலாம்" என்றார் அண்ணன். "போலீஸ்ல குடுத்துட்டு நிம்மதியா இருங்கப்பா" என்றார் அத்தை. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

எந்த வழியில் போனாலும் சட்டம் முன்னால் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இறந்தவரின் லைசென்ஸ் வாரிசுக்கு வராது. வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தகுதிச் சான்றிதழ் வாங்கி, தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 'பழைய சாமான்தானே' என்ற வாதமும் செல்லாது. 1900-க்கு முன் செய்த, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் அதன் நகலையும்தான் சட்டம் பழம்பொருளாக ஏற்கிறது. அதனால் முதல் வேலையாக, லைசென்ஸ் உள்ள டீலரின் பாதுகாப்பில் விட்டுவிட்டோம்.

சரி, சுடுவது என்றால் சோதனை யார் கையில்? அண்ணன் சொல்லும் சோதனைகள் தவறானவை அல்ல. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைத்துக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அது விழக்கூடாது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் ஆடக்கூடாது. குழலுக்குள் கருப்பு வளையம் தெரிந்தால், உள்ளே எப்போதோ குண்டு சிக்கி உலோகம் உப்பியிருக்கலாம். காலித் துப்பாக்கியில் இவற்றை யாரும் பார்க்கலாம். ஆனால் இதில் தேறியதாலேயே சுடத் தகுந்தது என்று ஆகிவிடாது. எனக்குப் பயம் வேறு இடத்தில்.

இந்த ரகம் முதலில் .38/200 என்ற பிரிட்டிஷ் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. போருக்குப் பிறகு, எளிதில் கிடைக்கும் .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி பலர் சிலிண்டரின் அறைகளை நீளமாகக் குடைந்துவிட்டார்கள். .38/200-இன் கூடு, அதாவது மருந்து அடைத்த உலோக உறை, சுமார் 20 மில்லிமீட்டர் நீளம். ஸ்பெஷலுடையது 29, அதோடு சற்று ஒல்லி. அகலமான அறைக்குள் ஒல்லியான கூடு வெடிக்கும்போது உப்பிப் பிளக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் துப்பாக்கி பளபளவென்று ஒழுங்காகவே இருக்கும்! எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று தெரியாமல் சுடுவதை நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன்.

கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், அறையை அளப்பார், விரிசல் தேடுவார், சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: விசையை அழுத்தாமல் சுத்தியல் தோட்டாவை இடிக்காதபடி காக்கும் தடுப்பு எந்த வகை? 1944-இல் கப்பல் தளத்தில் இதே வகை ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகுதான் அந்தத் தடுப்பை மாற்றி அமைத்தார்கள். நம்முடையது அதற்கு முந்தையதாக இருந்தால், சுத்தியலுக்கு நேரே தோட்டா வைப்பது ஆபத்து. இதையெல்லாம் வீட்டு மேசையில் பார்த்துவிட முடியாது. செலவானாலும் கன்ஸ்மித்தான்.

மற்ற இரண்டு வழிகளும் எளிமையானவை. போலீஸில் ஒப்படைத்தால் லைசென்ஸ் அலைச்சல் இல்லை. ஆனால் அழிக்கப்படும், தாத்தாவின் கைபட்ட பொருள் திரும்பாது. முடக்கினால், பதிவுபெற்ற கன்ஸ்மித் இனி ஒருபோதும் சுட முடியாதபடி செய்து சான்றிதழ் தருவார். பொருள் நம்மிடமே இருக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அறை குடையப்பட்டிருந்தால் முடக்கம்தான். அண்ணனும் அதற்குச் சம்மதித்துவிட்டார். குடையாமல் நன்றாக இருந்தால் அவர் விண்ணப்பிக்கட்டும், ரேஞ்சில் புதிய .38/200 தோட்டா போட்டுச் சுடட்டும்.

பெட்டியில் பச்சை பூத்த பழைய தோட்டாக்களும் ஒரு கைப்பிடி இருந்தன. மருந்து வலுவிழந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கலாம். அவை மட்டும் விவாதமே இல்லாமல் போலீஸுக்கு.