பெரியம்மாவின் மூக்குத்தியும் வெல்வெட் 56 லென்ஸும்

லென்ஸ்பேபி நிறுவனத்தின் வெல்வெட் 56, அதாவது படத்தை மென்மையாகக் காட்டும் சாஃப்ட் ஃபோகஸ் கேமரா லென்ஸ், என் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன், ஏனென்றால் அப்போது எடுத்த படங்கள் எல்லாமே பனிமூட்டத்துக்குள் எடுத்த மாதிரி இருந்தன. இப்போது போர்ட்ரெய்ட் எடுக்கக் கிளம்பினால் பையில் முதலில் போவது இதுதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். சாஃப்ட் ஃபோகஸ் என்றால் ஃபோகஸ் தப்பிய படம் இல்லை. லென்ஸின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளி ஓரிடத்தில் குவிகிறது, விளிம்பு வழியாக வரும் ஒளி அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கோளப் பிறழ்ச்சி என்று பள்ளிக்கூட இயற்பியலில் படித்தோமே, அதுதான். சாதாரண லென்ஸ் செய்கிறவர்கள் இந்தக் குறையைப் போக்கத்தான் கண்ணாடி மேல் கண்ணாடியாக அடுக்குகிறார்கள். வெல்வெட்டில் மொத்தமே 4 கண்ணாடிகள், குறையை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே பிரேமில் கூர்மையான ஒரு படமும் அதன் மேல் கலங்கலான இன்னொரு படமும் சேர்ந்தே விழுகின்றன. மூடிய கண்ணிமையில் ஒவ்வொரு முடியும் தெரியும், ஆனால் அதைச் சுற்றி மெல்லிய ஒளி கசியும்.

இது புதிய யோசனை இல்லை. ஜெர்மனியில் ரோடன்ஸ்டாக் விற்ற இமாகான் லென்ஸில் சுற்றிலும் ஓட்டைகள் போட்ட தகட்டை வைத்து மென்மையைக் கூட்டிக் குறைத்தார்கள். லைட்ஸ் நிறுவனம் (இன்றைய லைக்கா) 1935-ல் தம்பார் 90 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது, அதில் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு ஃபில்டர் உண்டு, நடு ஒளியை மறைத்துவிட்டால் விளிம்பு ஒளி மட்டும் படம் வரையும், மென்மை கூடும். அதையே லைக்கா 2017-ல் மறுபடி வெளியிட்டது, விலை நம்மைப் போன்றவர்கள் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும் விலை. கேனனின் பழைய ஈஎஃப் 135 மி.மீ. எஃப்/2.8 சாஃப்ட்ஃபோகஸ் கிடைத்தால் விடாதீர்கள், ஆட்டோஃபோகஸ் இருக்கிறது, வளையத்தைத் திருப்பினால் மென்மை இரண்டு படியாகக் கூடும், பூஜ்யத்தில் வைத்தால் சாதாரண லென்ஸ்.

வெல்வெட்டில் அப்படித் தனி வளையம் கிடையாது. அபர்ச்சர் வளையமேதான், அதாவது ஒளி நுழையும் துவாரத்தைச் சிறிதும் பெரிதுமாக்கும் வளையமேதான், மென்மைக்கும் வளையம், இந்த லென்ஸில் பிடிபட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும். எஃப்/1.6-ல் திறந்தால் எல்லாமே ஒளிரும், முகம் கரைந்துபோகும். எஃப்/2-லும் கிட்டத்தட்ட அப்படித்தான். எஃப்/2.8-க்கு வந்ததும் திடீரென்று கண் தெளிகிறது, ஒளிப்படலமும் போகாமல் இருக்கிறது. எஃப்/4-ல் படலம் மெலிந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒன்று அழகாக இருப்பது தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது. எஃப்/5.6 தாண்டினால் இது நல்ல, கூர்மையான, சாதாரண லென்ஸ். என் படங்களில் பெரும்பாலானவை எஃப்/2.8-க்கும் 4-க்கும் நடுவில் எடுத்தவைதான். எஃப்/1.6 பூக்களுக்கு மட்டும்.

பூக்கள் என்றதும் சொல்லியே ஆக வேண்டும், முன் கண்ணாடியிலிருந்து 13 செ.மீ. வரை கிட்டே போகலாம், பொருளின் நிஜ அளவில் பாதி அளவுக்கு சென்சாரில் விழும். எங்கள் மாடியில் இருக்கும் செம்பருத்தியை காலை ஏழு மணி வெயில் பின்னால் இருந்து அடிக்கும்போது எடுத்தேன். நடுத்தண்டின் நுனியில் அந்த மஞ்சள் மகரந்தப் பொட்டுகள் இருக்கிறதே, ஒவ்வொன்றும் குட்டி விளக்கு மாதிரி எரிகிறது, பின்னால் சிவப்பு இதழ் வெறும் நிறமாகிவிட்டது. இதே பூவை என் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் தாவரவியல் புத்தகத்தில் போடலாம், அவ்வளவுதான்.

போட்டோஷாப்பில் பிளர் போட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. மென்பொருள் போடும் கலங்கல் பிரேம் முழுக்க ஒரே சீராக விழும். இந்த லென்ஸில் ஃபோகஸுக்குப் பின்னால் இருப்பது வழுவழுவென்று கரையும், முன்னால் இருப்பது கொஞ்சம் முரடாகத் தெரியும், வெளிச்சம் வெடிக்கும் இடத்தில் படலம் பெரிதாகும், நிழலில் அடங்கிவிடும். லென்ஸ் முன் மாட்டி ஒளியைக் கசியவிடும் பிளாக் ப்ரோ மிஸ்ட் ஃபில்டர் கொஞ்சம் கிட்டே வருகிறது, பழைய ஆட்கள் நைலான் காலுறையை லென்ஸ் முன் இழுத்துக் கட்டுவார்களே அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டிலும் அளவை நாம் திருகி மாற்ற முடியாது.

போன தையில் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எஃப்/2.8-ல் எடுத்து கேமராவின் பின் திரையில் காட்டினேன். "என்னடா தம்பி, மங்கலா இருக்கு, கண்ணாடியத் தொடச்சியா?" என்றார். பெரிதாக்கிக் காட்டினேன். புருவத்தில் நரைத்த முடி தனித்தனியாக, நெற்றிக் குங்குமத்தின் ஓரத்தில் உதிர்ந்த தூள், மூக்குத்தியின் ஒற்றைக் கல்லில் ஜன்னல் வெளிச்சம் பட்டு அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "எங்கம்மா போட்டிருந்த மூக்குத்திடா இது, இதப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடு" என்றார். சுருக்கம் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. தோலை மெழுகாக்கும் மொபைல் ஆப்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது.

சரி, கஷ்டங்கள். ஆட்டோஃபோகஸ் இல்லை, கேமராவோடு பேசுகிற மின் தொடர்பே இல்லை. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டர் அடிக்கும் வசதியை மெனுவில் தேடிப் போட வேண்டும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கேமராவில் இருந்தால் ஃபோகல் லெங்த்தை (இதற்கு 56 மி.மீ.) நாமே கொடுக்க வேண்டும், எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது படத்தோடு பதியாது. ஃபோகஸ் ஆன இடத்தைத் திரையில் நிறம் போட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்ப வேண்டாம், காண்ட்ராஸ்ட் குறைவாக இருப்பதால் பட்டையாக எல்லா இடத்திலும் மினுக்கும் அல்லது எங்கேயுமே மினுக்காது. பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அதுவும் எடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே. எஃப்/1.6-ல் ஃபோகஸ் செய்துவிட்டு 2.8-க்கு மாற்றினால் ஃபோகஸ் பின்னால் நகர்ந்துவிடும், கண்ணுக்கு வைத்தது காதில் போய் நிற்கும். நான் தொலைத்த முதல் மாதம் இதில்தான் போனது. ஓடி விளையாடும் குழந்தைகளுக்கும் கல்யாண மேடைக்கும் இது சரிப்படாது, மேடை எல்இடி விளக்குகள் எல்லாம் வெள்ளைப் பந்துகளாகிவிடும். எடிட் செய்யும்போது காண்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், நுணுக்கங்களை முறுக்கிக் காட்டும் கிளாரிட்டி பக்கம் மட்டும் போகாதீர்கள், காசு கொடுத்து வாங்கிய ஒளிப்படலத்தை அது தின்றுவிடும்.

உடம்பு முழுக்க உலோகம், ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது, 62 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். 2015-ல் வந்த லென்ஸ் என்பதால் பழையது தேடினால் கிடைக்கிறது, புதிதாக வாங்கும் விலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் பழையதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நான் முதலில் வாங்கியது இது இல்லை, இன்னொருவரிடம் வாங்கிய ஒன்று. உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது, அந்த மங்கலை லென்ஸின் குணம் என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது. அதனால் வாங்கும் இடத்திலேயே எஃப்/8-ல் வைத்து, வெயிலுக்கு எதிரே ஒரு படம், எழுத்து நிறைந்த செய்தித்தாளை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எஃப்/8-ல் எழுத்து கத்தி மாதிரி நிற்க வேண்டும். அதிலும் படலம் தெரிந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.