சளி ஸ்லைடுக்கு எந்தச் சாயம்: சீல்-நீல்சனா, ஆரமினா?

ப்ராக்டிகல் தேர்வில் காசநோய்க் கிருமியைத் தேடச் சொல்லிச் சளி ஸ்மியரை (ஸ்லைடில் மெலிதாகப் பூசிய சளியை) நீட்டினால் கை தானாகக் கார்பால் ஃப்யூக்சின் என்ற சிவப்புச் சாயத்தின் பாட்டிலுக்குப் போய்விடும். சீல்-நீல்சன் அவ்வளவு பழகிப்போன முறை. ஆனால் தினமும் ஸ்லைடு குவிகிற லேபில் ஆரமின் என்ற ஒளிரும் சாயத்துக்குத்தான் மவுசு. "இரண்டில் எது நல்லது?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால், பலர் சாயத்தின் வேதியியலில் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: காசநோய்க் கிருமியின் சுவரில் உள்ள மைக்காலிக் அமிலம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அமிலம் ஊற்றினாலும் விடாது. வேறுபாடெல்லாம் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

சீல்-நீல்சனில் ஸ்மியர் மேல் கார்பால் ஃப்யூக்சினை ஊற்றி, அடியில் தீயைக் காட்ட வேண்டும். ஆவி எழுந்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவும் கூடாது, காயவும் கூடாது. 5 நிமிடம் கழித்துக் கழுவி, 20 சதவீத சல்ஃபூரிக் அமிலம், கடைசியில் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் லேசாக வளைந்த சிவப்புக் குச்சிகள் தெரியும். சாயத்தைக் காயவிட்டால் சிவப்புப் படிகங்கள் தங்கிவிடும். அதையே கிருமி என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைந்து வைத்தவன் நான்.

சூடாக்குவதற்குப் பதில் ஃபீனாலையும் சாயத்தையும் கூட்டிக்கொண்டால் அது கின்யூன் முறை. அதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஆரமினில் தீ வேண்டாம். ஆரமின், அமில ஆல்கஹால், பின்னணியை இருட்டாக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அவ்வளவுதான். கருப்பில் கிருமிகள் மஞ்சளாக மின்னும். மின்னுவதால் 20 அல்லது 40 மடங்கு லென்ஸிலேயே கண்ணில் பட்டுவிடும், எண்ணெய் தேவையில்லை. சீல்-நீல்சனுக்கு 100 மடங்கு லென்ஸ் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 மடங்கு லென்ஸில் ஒரு ஃபீல்டின் (ஒரு பார்வையில் தெரியும் வட்டத்தின்) விட்டம் 5 மடங்கு பெரியது, பரப்பு 25 மடங்கு. அங்கே 100 ஃபீல்டு தேடும் பரப்பு இங்கே 4 ஃபீல்டில் முடிந்துவிடும். சீல்-நீல்சனில் கிருமி தட்டுப்பட, ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். குறைவாக இருக்கும் சளியில் அதிகப் பரப்பைப் பார்ப்பவருக்கே வாய்ப்பு.

முன்பு ஆரமின் ஸ்லைடைப் பார்க்கப் பாதரச ஆவி விளக்கும் இருட்டறையும் வேண்டியிருந்தது. எல்இடி விளக்கு வந்ததும் அந்தத் தொல்லை போனது. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் எல்இடி முறைக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது.

சரி, ஆரமினில் குறையே இல்லையா? இருக்கிறது. ஒளி மங்கிவிடும், ஸ்லைடை நாளைக்குப் பார்க்கலாம் என்று வெளிச்சத்தில் வைத்தால் போச்சு. தூசு தும்பும் மின்னும். சந்தேகம் வந்தால் அதே ஸ்லைடின் மேல் சீல்-நீல்சன் செய்து சரிபார்க்கலாம்; தலைகீழாகச் செய்ய முடியாது. வைவாவில் கேட்கத் தோதான இடம் இது.

கிருமி உயிரோடு இருக்கிறதா என்பதை இரண்டுமே சொல்லாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதும் தெரியாது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதைச் சுமார் 2 மணி நேரத்தில் சொல்வது சிபிநாட் என்ற டிஎன்ஏ பரிசோதனை. அதுவும் செத்த கிருமியின் டிஎன்ஏவைக் கண்டு ஏமாறும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க ஸ்மியரும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பதும்)தான்.

லேபை நான் நடத்தினால் ஆரமின்தான். தேர்வில் சீல்-நீல்சன் எழுதுங்கள்: கிருமி எவ்வளவு என்று தரம் பிரிக்கும் கிரேடிங் எண்கள் அதை வைத்தே கேட்கப்படும். ஃபீல்டுக்கு 10க்கு மேல் என்றால் 3+, 1 முதல் 10 வரை 2+, 100 ஃபீல்டில் 10 முதல் 99 வரை 1+, அதற்கும் கீழே 1 முதல் 9 வரை ஸ்கேன்ட்டி (மிகச் சொற்பம்). தொழுநோய்க் கிருமி என்று கேள்வி மாறினால் அமிலத்தை 5 சதவீதமாகக் குறைக்க மறக்காதீர்கள். நோகார்டியா என்ற பாக்டீரியாவுக்கு 1 சதவீதம்.