நகரத் தேர்தலுக்கு எந்த நவம்பர் நல்லது?

2022 ஜூன் தேர்தலில் கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான சான் ஹோசேயின் வாக்காளர்களிடம் 'மெஷர் பி' என்று ஒரு கேள்வி வந்தது. மேயர் தேர்தல் கவர்னர் தேர்தலோடு நடந்துகொண்டிருந்தது. அதை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றலாமா என்பதுதான் கேள்வி. மாற்றலாம் என்று ஓட்டுப் போட்டேன். ஊரிலும் பாதிக்குச் சற்று மேல் அப்படியே சொன்னதால் அது நிறைவேறிவிட்டது. அதிலிருந்து வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள், முக்கியமாகப் புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள், "எங்க ஊர்லயும் இதே பேச்சு வருது, என்ன போடறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் நடுநிலையாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னதும் "ஓ, ஒரே நாடு ஒரே தேர்தலா?" என்பார்கள். இரண்டும் வேறு. இந்தியாவில் சட்டமன்றம் நடுவில் கவிழலாம், கலைக்கப்படலாம். அப்போது என்ன செய்வது என்பதுதான் அங்கே பெரிய தலைவலி. அமெரிக்காவில் மேயருக்கும் கவுன்சிலருக்கும் பதவிக்காலம் நிலையானது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு நகர மன்றத்தைக் கலைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த வாதங்களை அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே வர முடியாது.

தேர்வுகள் மூன்று. ஒன்று, நகரத் தேர்தலைத் தனியாக நடத்துவது: ஒற்றைப்படை ஆண்டு, அல்லது மார்ச், மே மாதிரி வேறெந்தத் தேர்தலும் இல்லாத நாள். இரண்டு, கவர்னர் தேர்தலோடு சேர்ப்பது. மூன்று, அதிபர் தேர்தலோடு சேர்ப்பது.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தனித் தேர்தல் என்றால் மொத்தச் செலவும் நகரத்தின் தலையில் விழும். சேர்த்து நடத்தினால் கவுன்ட்டியோடு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பங்கு போட்டுக்கொள்ளலாம். இதில் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தனித் தேதிக்கு ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களைக் கட்சி முதலாளிகள் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். அதை உடைக்க வேண்டும், சாக்கடையும் சாலையும் தேசிய அரசியலில் சிக்கக்கூடாது என்று சீர்திருத்தவாதிகள் தேர்தலைப் பிரித்தார்கள். அந்த வாதத்தில் இன்றும் நியாயம் இருக்கிறது. வெள்ளை மாளிகைக்கு யார் போவது என்ற சத்தத்தில் நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பது யார் காதில் விழும்? ஆனால் கலிஃபோர்னியாவில் உள்ளூர்ப் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, மாநில அரசியல் சாசனமே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே கட்சிப் பெயரைப் பார்த்து மேலிருந்து கீழ்வரை குத்திக்கொண்டே போகும் பயம் இங்கே குறைவு. கட்சிப் பெயர் அச்சாகும் மாநிலங்களில் இந்த வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் எடை கொடுப்பேன்.

எண்களைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் 2013 மேயர் இறுதிச்சுற்றில் ஓட்டுப் போட்டவர்கள் பதிவு செய்தவர்களில் சுமார் 23 சதவீதம். 2017 மார்ச்சில் சுமார் 20. தேதியை மாற்றிய பிறகு 2022 நவம்பரில் அது 44 சதவீதத்தை ஒட்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், தேதியை மாற்றும் முடிவே 2015 மார்ச்சில் பத்து சதவீதம் பேர் மட்டுமே வந்த ஒரு தேர்தலில்தான் எடுக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2019இல் 42 சதவீதம். 2022இல் நிறைவேறிய மாற்றத்துக்குப் பிறகு, 2024 அதிபர் தேர்தலோடு சேர்ந்து வந்தபோது 79.

சரி, கூட்டம் அதிகம் வந்தால் மட்டும் நல்லதா? "அக்கறை இருக்கிறவன் வந்து போடட்டும், மற்றவன் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட யார் வருகிறார்கள் என்பதில்தான் என் முடிவு நிற்கிறது.

தனித் தேர்தல்களில் வருகிறவர்கள் சராசரி ஊர்க்காரரைவிட வயதில் மூத்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், ஒரே முகவரியில் பல காலமாக இருப்பவர்கள். அரசியல் அறிவியல் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் ஆய்வைப் படித்தபோது உறைக்காதது, ஒரு கவுன்சில் வேட்பாளருக்காகக் கதவு தட்டப் போனபோதுதான் உறைத்தது. செல்போன் ஆப்பில் ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்புவார்கள். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியம். ஆனால் எந்தெந்தத் தேர்தலில் போட்டார் என்பது பிரச்சாரக் குழுக்களுக்குக் கிடைக்கும் தகவல். அதை வைத்து, தவறாமல் போடுகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துத்தான் அந்தப் பட்டியலே தயாராகும்.

தனி வீடுகள் உள்ள தெருவில் அந்தப் பட்டியல் வீட்டுக்கு வீடு நிற்கச் சொல்லும். தெரு முனையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வரும். அங்கே மொத்தத்துக்கும் இரண்டோ மூன்றோ கதவுதான். வாயிற்கதவுக்கு ரகசிய எண் வேறு கேட்கும், அதோடு அந்த இரண்டும் போச்சு. "இங்கே இத்தனை பேர் இருக்கிறார்களே" என்று கூட வந்தவரிடம் கேட்டேன். "அவங்க போட மாட்டாங்க, நேரத்தை வீணாக்காதீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை, நாலு தன்னார்வலர்கள். போடுகிறவனிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வாடகைக்கு இருக்கிறவர் போன தேர்தலில் போடவில்லை; அதனால் இந்த முறை யாரும் அவர் கதவைத் தட்டவில்லை; துண்டுப் பிரசுரமும் வரவில்லை; கவுன்சில் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை; அதனால் இந்த முறையும் போடவில்லை. அடுத்த பட்டியலிலும் அவர் பெயர் இராது. அவரை அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிடுவது சுலபம். அவரிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

ஜெயித்து உள்ளே போகிற கவுன்சிலருக்கும் இது தெரியும். பேருந்துத் தடத்தை ஒட்டி ஆறு மாடிக் குடியிருப்பு கட்டலாமா என்ற கேள்வி வரும்போது, "பார்க்கிங் போய்விடும், நிழல் விழும்" என்று மைக் முன்னால் வந்து நிற்கிறவர்கள் அவருடைய பட்டியலில் இருந்தவர்கள். அங்கே குடிவரப் போகிறவர்கள் இன்னும் ஊரிலேயே இல்லை. அவர்களைப் போன்றே ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்கள் பட்டியலில் இல்லை. கவுன்சிலர் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். அதேபோல் கூட்டம் குறைந்த தேர்தலில், கட்டுக்கோப்பாக ஆள் திரட்டத் தெரிந்த அமைப்புகளின் ஓட்டு கனம் கூடிவிடும். தீயணைப்பு, காவல், ஆசிரியர் சங்கங்கள் ஒரு பக்கம்; வீட்டுக்காரர் சங்கங்களும் நிலத் தரகர்களும் இன்னொரு பக்கம். இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆயிரம் ஓட்டை நிச்சயமாகக் கொண்டுவர முடிந்தவருக்கு, பத்தாயிரம் பேர் வரும் தேர்தலில் இருக்கும் மதிப்பு ஐம்பதாயிரம் பேர் வரும் தேர்தலில் இருக்காது, அவ்வளவுதான்.

வாடகைக்காரரும் இளைஞரும் எப்படியும் வருகிற ஒரே நாள் அதிபர் தேர்தல் நாள். அவர்கள் வருகிற நாளில் நகரத்தின் கேள்வியையும் வைத்துவிட்டால், வேட்பாளர் அந்த அடுக்குமாடிக்குள் போயே தீர வேண்டும்.

இதனால் எந்த அணி ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டு ஆதரிக்காதீர்கள். எங்கள் ஊரில் தொழிற்சங்கப் பக்கம் மாற்றத்தை ஆதரித்தது, வணிகர் பக்கம் எதிர்த்தது. அதே 2022 நவம்பரில் நெருக்கமான மேயர் போட்டியில் ஜெயித்தவர் வணிகர் பக்கம் விரும்பிய மேட் மஹான். 2024இல், புதிய தேதியில், அவரே பெரும் வித்தியாசத்தில் மறுபடியும் வந்தார். கணக்கு போட்டவர்கள் இரு பக்கமும் கையைப் பிசைந்ததுதான் மிச்சம்.

கவர்னர் ஆண்டா, அதிபர் ஆண்டா? மாநில அளவிலான வாக்குப்பதிவே பதில் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 2018 நவம்பரில் 64.5 சதவீதம், 2022 நவம்பரில் 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2020இல் 80க்கு மேல், 2024இல் 71. கவர்னர் ஆண்டு மோசமில்லை, தனித் தேதியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை. ஆனால் ஒரே நிலையில் நிற்பதில்லை. மாநிலச் சட்டம் இந்த அளவோடு திருப்தி அடைந்துவிடுகிறது: 2015இல் கையெழுத்தாகி 2018 முதல் அமலுக்கு வந்த எஸ்.பி. 415 சட்டப்படி, ஒரு நகரத்தின் தனித் தேர்தலில் வாக்குப்பதிவு, கடந்த நான்கு மாநிலப் பொதுத்தேர்தல்களின் சராசரியைவிட 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தால் தேதியை மாற்ற வேண்டும். சராசரி 60 என்றால் 45தான் கோடு. தனிச் சாசனம், அதாவது தனக்கென்று ஒரு அடிப்படை விதித்தொகுப்பு, வைத்திருக்கும் நகரங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று ரெடோண்டோ பீச் வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய நகரங்கள் பலவும் சாசன நகரங்கள்தான். ஆகவே அங்கெல்லாம் முடிவு வாக்காளர் கையில்.

எதிர்வாதங்களில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது வாக்குச்சீட்டின் நீளம். 2024 நவம்பரில் மாநிலக் கேள்விகள் மட்டுமே பத்து. அதிபர், செனட்டர், காங்கிரஸ், சட்டமன்றம், பள்ளி வாரியம் என்று இறங்கி, நகரக் கேள்விக்கு வருவதற்குள் பேனாவுக்கே களைப்பு வந்துவிடும். மேலே நிரப்பிவிட்டுக் கீழே காலியாக விடுகிறவர்கள் நிச்சயம் உண்டு. ஆனால் காலியாக விடுகிறவர்களைக் கழித்த பிறகும், மேயருக்குப் போடுகிறவர்கள் தனித் தேர்தலைவிட மிக அதிகம். தபாலில் சீட்டு ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவதால் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் வீட்டில் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் நிரப்புவோம். அதிபர் யார் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் தேவைப்படுவதில்லை.

விளம்பரச் செலவு கூடுமா, தேசியச் செய்திக்கு நடுவே உள்ளூர் வேட்பாளர் காணாமல் போவாரா என்பதில் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு சுற்றுதான் பார்த்திருக்கிறேன். அதுவும் பதவியில் இருப்பவருக்குப் பெரிய எதிர்ப்பே இல்லாத சுற்று.

நியூயார்க்கையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 நவம்பரில், ஒற்றைப்படை ஆண்டில், மேயர் தேர்தலுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 1969க்குப் பிறகு அங்கே அதுதான் அதிகம். அதே நாளில் நகரத் தேர்தலை அதிபர் ஆண்டுக்கு மாற்றும் கேள்வியையும் வைத்தார்கள், வாக்காளர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஸோஹ்ரான் மம்தானியும் முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கூமோவும் மோதினால் எந்தத் தேதியிலும் கூட்டம் வரும். 2021இல் அதே நகரத்தில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. விறுவிறுப்பான போட்டி வாய்க்குமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பதற்குப் பதில் தேதியை மாற்றுவதே மேல் என்பது என் தரப்பு. நியூயார்க் மாநிலமோ தன் டவுன்களையும் பல கவுன்ட்டிகளையும் 2023 சட்டத்தால் இரட்டைப்படை ஆண்டுக்குத் தள்ளிவிட்டது; 2025 அக்டோபரில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

உங்கள் ஊரில் கேள்வி வந்தால், ஆமாம் என்று போடுமுன் சிறிய எழுத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, மாறும் காலத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது. லாஸ் ஏஞ்சலஸ் 2015, 2017 தேர்தல்களில் ஜெயித்தவர்களுக்கு ஐந்தரை ஆண்டு கொடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு ஆண்டு கூட்டிக் கொடுத்தது. சான் ஹோசே 2022இல் ஜெயித்தவருக்கு இரண்டே ஆண்டு என்று சுருக்கியது. எனக்கு எங்கள் ஊர் வழிதான் சரி. நாலு ஆண்டுக்கென்று மக்கள் கொடுத்த பதவியை நடுவில் நீட்டுவதைவிட, முன்கூட்டியே சொல்லிக் குறைப்பது மரியாதை.

இரண்டாவது இதைவிட முக்கியம்: நவம்பருக்கு முன்னால் பிரைமரி, அதாவது ஒரு முதல் சுற்று, உண்டா? கலிஃபோர்னியாவில் அதிபர் ஆண்டில் பிரைமரி மார்ச்சில் வருகிறது. சான் ஹோசேயிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பிரைமரியில் பாதிக்கு மேல் வாங்கினால் அங்கேயே கதை முடிந்தது. மஹான் 2024 மார்ச்சிலேயே ஜெயித்துவிட்டார். அந்த மார்ச்சில் மாநிலம் முழுக்கச் சராசரி வாக்குப்பதிவு 35 சதவீதம். நவம்பரில் அதைப்போல் இரண்டு மடங்கு. அதாவது எந்தக் கூட்டத்துக்காகத் தேதியை மாற்றினோமோ, அந்தக் கூட்டம் வந்தபோது மேயர் பெயரே சீட்டில் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரைமரி கிடையாது. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று போடும் முறையில் எல்லாமே ஒரே நவம்பரில் முடிகிறது. அந்த 79 சதவீதம் முழுவதும் மேயருக்கும் பயன்பட்டது அதனால்தான். மார்ச்சில் எத்தனை ஓட்டு வாங்கினாலும் முதல் இருவர் நவம்பருக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தாலும் போதும். அதற்குத் தனியாக ஒரு சாசனத் திருத்தம் வேண்டியிருக்கும்.