ஆல்ஃப்ரிஸ்டன் கிளெர்ஜி ஹவுஸ்: அவசியம் பார்க்க வேண்டிய பழைய வீடு

இங்கிலாந்தின் ஈஸ்ட் சசெக்ஸிலுள்ள, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கூரை வேய்ந்த மரச்சட்ட வீடு, பாதிரியார் இல்லமாக இருந்து, பின்னாளில் தொழிலாளர் குடியிருப்பாகப் பிரிக்கப்பட்டு, இடிந்து விழும் நிலைக்கு வந்தபோது, 1896இல் பாரம்பரியக் கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடமாகும். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேல்தளம் ஏதுமின்றிக் கூரையின் முகடு வரை மரச்சட்டங்கள் தெரிகின்றன. இருபக்க அறைகளுக்கு மட்டுமே மாடி உண்டு. என்னை மிகவும் ஈர்த்தது தரைதான்: வெண்சுண்ணக் கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுகச் செய்திருக்கிறார்கள். கூடத்து உத்திரத்தில் செதுக்கிய ஓக் இலையையும் தவறவிடக் கூடாது. டிரஸ்டின் சின்னத்துக்கு அதுவே தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பார்கள். அறைகள் சிறியவை என்பதால், கூட்டமில்லாத நேரத்தில் செல்வதே நல்லது.