தடுப்பணையா, வரத்துக்காலா? ஊர்ப் பணத்தை எங்கே போடுவது

மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவே, வைகையை நம்பியும் நம்பாமலும் இருக்கிற கண்மாய்ப் பாசன ஊர் எங்களுடையது. ஊர்ப் பொதுவில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் போட்டார்கள். அதை எதில் செலவழிப்பது என்பதில் ஊர் இரண்டு கட்சியானது. மேற்கே ஓடையில் தடுப்பணை கட்டலாம் என்றது ஒரு கட்சி. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும், கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகளையும் சீராக்கலாம் என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி, கடைசியில் நடந்ததும் அதுதான். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மற்ற யோசனைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆழ்துளைக் கிணறு என்றால் எங்கள் பகுதியில் பல இடங்களில் கீழே உப்புத்தண்ணீர். பண்ணைக்குட்டை தனிநபருக்கு நல்லது. 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் வெட்டினால் அதிகபட்சம் 18 லட்சம் லிட்டர் பிடிக்கும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஏக்கரில் பரப்பிப் பார்த்தால் ஒன்றரை அடி உயரம்கூட வராது, அதிலும் வெயில் குடித்தது போகத்தான் மிச்சம். மிளகாய்க்கு உயிர்த்தண்ணீர் விடலாம், நெல்லுக்கு ஆகாது. ஊர்ப் பணத்தை ஒருவர் நிலத்தில் போடவும் முடியாது. சரி, அதை விடுவோம்.

தடுப்பணைக்கு நியாயமான பலம் உண்டு. ஒரே கோடையில் வேலை முடிந்துவிடும். பணம் போட்டவர் கண்ணுக்குத் தெரியும். கல்வெட்டில் பெயர் வரும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை, நன்கொடை வாங்கும்போது அது பெரிய விஷயம். பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும் என்பதும் உண்மை. ராஜஸ்தானின் ஆல்வாரில் ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கமும் ஊர்மக்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஜோஹட் என்ற மண் தடுப்புகளை எழுப்பி, அர்வரி ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓட வைத்தார்கள். ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் கிடைத்தன. எங்கள் கூட்டத்தில் தடுப்பணைக் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன உதாரணம் இது.

ஆனால் ஆல்வாரில் நடந்ததில் பாதிதான் மண்வேலை. மீதிப் பாதி, அர்வரிக் கரை ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஆற்றுக்கென்று ஒரு சபை வைத்து, யார் எவ்வளவு எடுக்கலாம், என்ன பயிர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டது. அந்தப் பாதியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓடையில் நாங்கள் நிறுத்துகிற தண்ணீர் கீழே இரண்டு கண்மாய்களுக்குப் போகவேண்டியது. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டோமா என்றால், இல்லை.

வைகைப் படுகையில் இது சின்னக் கேள்வி அல்ல. இந்த ஆற்றில் ஓடுவதில் ஒரு பங்கு மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக வருகிறது. 1959இல் வைகை அணை, அதற்குக் கீழே விரகனூர், பார்த்திபனூர் மதகு அணைகள் என்று வழிநெடுகப் பங்கு பிரிந்து, ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. கடலை அரிதாகத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஏற்கெனவே பங்காளி இருக்கிற படுகை இது. வீணாகப் போகிற தண்ணீரைத்தானே தடுக்கிறோம் என்று இங்கே யாராவது சொன்னால், அது யாருடைய கண்மாய்க்குப் போகிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

கண்மாயில் இந்தக் கணக்கு கட்டுமானத்திலேயே இருக்கிறது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டம்வரை எங்களுக்கு, அதற்குமேல் கீழூருக்கு. கலுங்கில் பலகை செருகி, மணல்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துகிற திருட்டுத்தனம் எங்கள் பக்கத்திலும் உண்டு, மறைக்கவில்லை. அது திருட்டு என்று செய்பவனுக்கே தெரியும் என்பதுதான் வித்தியாசம். ஓடையில் புதிதாகக் கட்டும் அணைக்கு அப்படி ஒரு பழைய மட்டம் கிடையாது. எது நியாயம் என்று சண்டை போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் பேசினாலும், என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். கட்டிய பிறகு வருடா வருடம் அதை யார் பார்ப்பது?

தடுப்பணை முதல் இரண்டு மூன்று வெள்ளத்திலேயே மணலைச் சேர்க்க ஆரம்பிக்கும். ஓடைத் தண்ணீர் வேகமாக வந்து சட்டென்று நிற்கிற இடம் அது, கனமான மணல்தான் முதலில் படியும். அதை எடுத்தால்தான் தண்ணீருக்கு இடம். ஊர்க்காரன் எடுத்தால் மணல் திருட்டு வழக்கு. எடுக்கத் துணிகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள், அவர்கள் படிந்த மட்டத்தோடு நிறுத்தமாட்டார்கள். அப்புறம், பெருவெள்ளத்தில் அணை உடைவதைவிட, தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கரையை அறுத்துப் போவதுதான் அடிக்கடி நடக்கும். கான்கிரீட் அப்படியே நிற்கும், ஓடை தள்ளி ஓடும். அதைச் சரிசெய்ய மறுபடி இயந்திரம், மறுபடி நன்கொடை.

கண்மாயில் படிவது வண்டல். அதற்கு ஆள் தேடவேண்டாம். நிலத்துக்குப் போடவும், பானை செய்யவும் கேட்டு வருவார்கள், மானாமதுரை மண்பானைக்குப் பேர்போன ஊராயிற்றே. வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும்படி 2024இல் நடைமுறையையும் எளிதாக்கினார்கள். அதாவது இந்தக் கழிவு தன் சொந்தச் செலவில் வெளியேறுகிறது.

ஆனால் கண்மாய்க் கட்சியிலும் ஒரு மயக்கம் உண்டு: முழுசாகத் தூர்வாரிவிடலாம் என்பது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரே ஒரு அடி மண் எடுத்தால் 43,56,000 கன அடி. மூன்று யூனிட், அதாவது 300 கன அடி பிடிக்கும் டிப்பரில் அள்ளினால் 14,520 நடை. எங்கள் பணத்துக்கு அதில் ஒரு மூலைகூட ஆகாது. அப்படியே தோண்டினாலும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், மீன் வளரும், அவ்வளவுதான். உள்வாயில் ஜேசிபி நாலு குழி தோண்டியதை வைத்துத் தூர்வாரிவிட்டோம் என்று பேனர் கட்டுவதை நான் மதிப்பதில்லை.

அதனால்தான் வரத்துக்கால். எங்கள் கண்மாய் நிரம்பாததற்குக் காரணம் மண் மேடானது இல்லை, தண்ணீர் வந்து சேராதது. வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். இரண்டு இடத்தில் வயல்காரர்கள் வரப்பைத் தள்ளித் தள்ளி வரத்துக்காலை வாய்க்கால் அகலத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். ஒரு சாலைக்கு அடியில் போட்ட குழாய் சிறிது. நூறு ஏக்கரைச் சுரண்டுகிற செலவோடு ஒப்பிட்டால் இந்த மூன்றும் சில்லறை வேலை. கருவேல மரத்தை விற்றதில் வெட்டுக்கூலியும் தேறியது. ஆக்கிரமிப்புதான் இழுத்தது, அளவையர் வந்து கல் நட்ட பிறகும் ஒருவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மடைக்குப் புது ஷட்டர் போட்டோம். ஷட்டரைவிட முக்கியம் அதைத் திறந்து மூடும் ஆள். முன்பு நீர்ப்பாய்ச்சி இருந்தார். மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். மழை இரவில் கரையைச் சுற்றுவது, எலி வளையை அடைப்பது, முறைப்படி வயலுக்கு விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. களத்தில் நெல்லாகக் கூலி. பழைய முறை அருமை என்று பேசுகிறவர்கள், அந்த வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்கள் மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்ததைச் சொல்வதில்லை. அவர்கள் பிள்ளைகள் அதை விட்டுப் போனது சரியே. நாங்கள் வைத்திருப்பது மாதச் சம்பளம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கண்மாய்களைச் சீராக்கும் அரசின் குடிமராமத்துத் திட்டம் 2017இல் மறுபடி வந்தபோது, ஆயக்கட்டுதாரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், பத்து சதவீதம் போடவேண்டும் என்று வைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் அது வேலை நடக்கிற வருடத்துக்கு மட்டும். அதற்கடுத்த வருடம் வரத்துக்காலில் முளைக்கும் கருவேலங்கன்றைப் பிடுங்க அதில் காசு கிடையாது. எங்கள் ஊர்ப் பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, வட்டியை இதற்கென்றே ஒதுக்கினோம். தடுப்பணை கட்டியிருந்தால் முழுப் பணமும் கான்கிரீட்டில் போயிருக்கும்.

இதை எல்லா ஊருக்கும் பொருத்த நான் தயாரில்லை. கோயம்புத்தூர், தருமபுரி மாதிரிக் கிணற்றுப் பாசனமே பிரதானமாக உள்ள பாறைப் பகுதிகளில் தடுப்பணைதான் சரியாக இருக்கலாம். அங்கே தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவதே நோக்கம். எனக்கு அங்கே விவசாயம் செய்த பழக்கம் இல்லை. மலையடிவார ஓடைகளிலும் கணக்கு வேறு. எங்கள் ஏற்பாட்டுக்கே இன்னும் பெரிய சோதனை வரவில்லை. வேலை முடிந்தபின் வந்தவை சுமாரான மழைக்காலங்கள். கண்மாய் முன்னைவிட முன்கூட்டி நிரம்பியது, கலுங்கும் பாய்ந்தது. ஐப்பசி மழை பொய்த்துப் போகும் வருடத்தில் எப்படியிருக்கும், கரை தாங்குமா என்று கேட்க வைக்கும் பெருமழையில் எப்படியிருக்கும் என்பதை வந்தால்தான் சொல்லமுடியும்.

இப்போதைக்குத் தலைவலி வசூல். வங்கி வட்டி வரத்துக்கால் சுத்தத்துக்கே சரியாகிவிடுகிறது. நீர்ப்பாய்ச்சியின் சம்பளத்துக்கு அறுப்பு முடிந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரிக்கிறோம். ஊரில் இருந்து உழுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார்கள். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவர்கள், தண்ணீரே எடுக்காதபோது எதற்குக் காசு என்கிறார்கள். ஆயக்கட்டு ஏட்டில் பெயர் இருப்பவரிடம் வாங்குவதா, இந்த வருடம் நட்டவரிடம் மட்டும் வாங்குவதா என்று தை மாதக் கூட்டத்தில் பேசவேண்டும்.